பாடத்திட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகள் கோபிசெட்டிபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, குடிமைப்பணித் தேர்வு எழுதுவதென்று உறுதியாக இருக்கிறாள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய புத்தகங்கள் இரண்டு கட்டைப்பைகள் நிறைய இருந்தன. அவற்றைத் திண்ணையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. "ஏனுங்கண்ணா, இதுல மொதல்ல எதைப் படிக்கறதுங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், "மொத நாள் மத்தியானம் எழுதற தாளுக்கு எத்தனை மார்க் எடுத்தாப் போதும், கண்ணு?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தினசரி நாட்காட்டியில் கிழித்து வைத்திருந்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப்புறத்தில் தேர்வின் அமைப்பை எழுதிக் காட்டினேன். அன்று எழுதியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தத் தேர்வை ஊரில் எல்லோரும் ஐ.ஏ.எஸ். பரீட்சை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது ஒன்றன்பின் ஒன்றாக வரும் மூன்று தேர்வுகள். ஒவ்வொன்றும் கேட்கும் திறமை வேறு, மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையும் வேறு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்ற இந்த அமைப்பு கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இல் வந்தது. பிறகு பல முறை மாறினாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

முதல்நிலைத் தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் பொது அறிவுத் தாள்: 100 வினாக்கள், 200 மதிப்பெண், 2 மணி நேரம். பிற்பகலில் சிசாட் என்று நாம் சொல்லும் திறனறித் தாள்: 80 வினாக்கள், அதற்கும் 200 மதிப்பெண், 2 மணி நேரம். இரண்டிலும் தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். சிசாட் 2011-இல் அறிமுகமானபோது அதன் மதிப்பெண்ணும் தரவரிசையில் சேர்ந்தது. 2015 முதல் அது வெறும் தகுதித்தாள். 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுப்பதால் ஒரு பயனும் இல்லை. 66-க்குக் கீழே இருந்தால் காலையில் எழுதிய தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அத்தோடு சரி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2021-ஆம் ஆண்டின் முதல்நிலைத் தேர்வு கொரோனாவால் தள்ளிப்போய் அக்டோபர் 10 அன்று நடந்தது. எனக்குக் கோவையில் மையம். காலைத் தாளில் என் கணக்குப்படி 94 வந்தது. அந்த ஆண்டின் பொதுப்பிரிவு கட்-ஆஃப் 87.54-தான். பிற்பகலில் 65 வினாக்களுக்கு விடை குறித்தேன். 35 சரி, 30 தவறு. வினாவுக்கு 2.5 வீதம் 87.5 வருகிறது, தவறுக்கு 0.83 வீதம் 24.9 போகிறது, மிச்சம் 62.6. மூன்றரை மதிப்பெண்ணில் ஓர் ஆண்டு போயிற்று. அதே தாளில் தெரிந்த 35-ஐ மட்டும் குறித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்திருந்தால் 87.5-உடன் தாண்டியிருப்பேன். நான் படித்த பயிற்சி மையத்தில், "இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு சிசாட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்று சொல்லி, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இரண்டே வகுப்புகள் எடுத்தார்கள். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர்கள் இந்த ஒரு கணக்கையாவது கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காலைத் தாளிலும் இதே கணக்குதான். 85 வினாக்களுக்கு விடை குறித்து 55 சரி, 30 தவறு என்றால் 90.2 கிடைக்கும். அந்த 30-இல் சற்றும் பிடிபடாத 15-ஐத் தொடாமல் விட்டிருந்தால் 100.1. பொதுப்பிரிவு கட்-ஆஃப் 2019-இல் 98, 2023-இல் 75.41 என்று ஏறி இறங்குகிற ஒரு தேர்வில், இந்தப் பத்து மதிப்பெண்ணுக்குள் எத்தனை ஆயிரம் பேர் நெருங்கி நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எனவே எதை விடுவது என்று முடிவு செய்வதும் படிப்பின் ஒரு பகுதி. வீட்டில் எழுதிப் பார்க்கும் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் அதைப் பழக வேண்டும்.

அடுத்துச் சொன்னதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. முதல்நிலைத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் எங்கும் சேராது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தடப்பள்ளி வாய்க்காலின் கிளை ஓடுகிறது. மடை திறந்து தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டால், கொடிவேரி அணையிலிருந்து அது எவ்வளவு வேகமாக வந்தது என்று பயிர் கேட்பதில்லை. முதல்நிலையும் அப்படியொரு மடைதான். காலியிடங்களைப் போல் ஏறத்தாழ 12 அல்லது 13 மடங்கு பேரை உள்ளே விட்டுவிட்டு அது மூடிக்கொள்ளும். 88 எடுத்து வந்தவரும் 130 எடுத்து வந்தவரும் அதன்பின் ஒன்றே. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்டில் பத்து மாதத்தை இந்த மடைக்கே செலவிடுகிறார்கள்; முதன்மைத் தேர்வுக்கான எழுத்துப் பயிற்சியை முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். முடிவு வந்தபின் கையில் இருப்பது மூன்று மாதம் இருந்தாலே அதிகம்.

முதன்மைத் தேர்வில் 9 தாள்கள். எல்லாமே கையால் எழுதுவது, ஒவ்வொன்றும் 3 மணி நேரம். அவற்றில் தரவரிசைக்குச் சேருபவை ஏழு: கட்டுரைத் தாள் 250, பொது அறிவுத் தாள்கள் நான்கும் தலா 250, விருப்பப்பாடத்தின் இரண்டு தாள்கள் தலா 250, ஆக 1750. நேர்முகத்துக்கு 275. தரவரிசை இந்த 2025 மதிப்பெண்ணில்தான் தீர்மானமாகிறது. 2013-க்கு முன்பு விருப்பப்பாடங்கள் இரண்டு இருந்தன. இப்போது ஒன்றுதான் என்றாலும், 2025-இல் 500 என்பது ஏறக்குறைய கால் பங்கு. அவள் வேளாண்மையை எடுப்பதா, தோழிகள் சொல்கிறார்கள் என்பதற்காக வேறொன்றை எடுப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தாள். நான்கு ஆண்டுகள் வயலிலும் ஆய்வகத்திலும் படித்த பாடம் பட்டியலிலேயே இருக்கும்போது அடுத்தவர் சொல்வதைக் கேட்டு விலகிப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

பொது அறிவுத் தாள்களின் உள்ளமைப்பை நின்று பார்க்க வேண்டும். முதல் மூன்று தாள்களிலும் 20 வினாக்கள்: பத்துக்கு 150 சொற்களில் 10 மதிப்பெண் விடை, மற்ற பத்துக்கு 250 சொற்களில் 15 மதிப்பெண் விடை. ஒரு வினாவுக்குச் சராசரியாக 9 நிமிடம். மூன்று மணி நேரத்தில் 4000 சொற்கள். காலையில் ஒரு தாள், பிற்பகலில் ஒரு தாள் என்று வரும் நாளில் அது 8000 ஆகும். இத்தனையையும் எழுதக் கை பழகியிருக்க வேண்டும். வினாவைப் படித்த ஒரு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிய வேண்டும். நான்காவதான அறவியல் தாளில் பாதி, ஓர் அதிகாரி சிக்கிக்கொள்ளும் நிலைமையைக் கொடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்.

இங்கே கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. நான்கு தாள்களையும் நான்கு தனித்தனி மூட்டைகளாகக் கட்டி வைக்காதீர்கள். நொய்யல் ஒன்றை எடுத்துக்கொண்டாலே நான்குக்கும் வரும். அதன் கரையில் உள்ள கொடுமணலில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் மணித் தொழில் தடயங்களும் பண்பாட்டையும் வரலாற்றையும் கேட்கும் முதல் தாளுக்குரியவை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், கழிவை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் மாற வேண்டியிருந்ததும் சுற்றுச்சூழலையும் தொழிலையும் கேட்கும் மூன்றாம் தாளுக்குரியவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நீதிமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எழுந்த கேள்விகள் இரண்டாம் தாளுக்கு. மூடிய பட்டறையின் வாசலில் நிற்கும் தொழிலாளியையும், உப்பேறிய கிணற்றைக் காட்டும் குடியானவரையும் ஒரே நாளில் சந்திக்க வேண்டிய அதிகாரியின் நிலைமை நான்காம் தாளுக்கு. இதே இரண்டாம் தாளில் மாநிலங்களுக்கிடையிலான உறவைக் கேட்டால், பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எது?

நேர்முகத்துக்குக் காலியிடங்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பேரை தில்லிக்கு அழைப்பார்கள். விரிவான விண்ணப்பத்தில் நீங்கள் எழுதித் தந்த ஊர், படிப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலிருந்து பல கேள்விகள் வரும் என்பதால், அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போதே நேர்முகம் தொடங்கிவிடுகிறது. தமிழிலும் பதில் சொல்லலாம்.

இடையில் அவள், "குரூப் ஒன்னும் சேர்த்தே எழுதிரலாமுங்களா?" என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் அதன் அமைப்பு வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதல்நிலையில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு கிடையாது. அங்கே எதையும் விடாமல் குறிக்கப் பழகிய கை, இங்கே வந்தும் அதையே செய்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும். மத்தியத் தேர்வில் முதல்நிலையின் ஏதேனும் ஒரு தாளை எழுதினாலே ஒரு வாய்ப்பு கழிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பொதுப்பிரிவினருக்கு 6, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 9 என்று வாய்ப்புகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போய் உட்காரும் இடமல்ல அது.

கடைசியாக, ஒன்பதில் மிச்சமிருக்கும் இரண்டு தாள்கள்: இந்திய மொழித் தாள் ஒன்று, ஆங்கிலத் தாள் ஒன்று. இரண்டும் தலா 300 மதிப்பெண், 25 விழுக்காடு, அதாவது 75 எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. ஆனால் இவற்றில் ஒன்றில் தவறினாலும் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. "தமிழ்தானுங்கண்ணா, அது எழுதிரலாம்" என்றாள். அவள் எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழைப் பாடமாகப் படித்தும், மனப்பாடக் கேள்விகளைத் தாண்டித் தானாக ஒரு பக்கம் எழுதியதில்லை. அந்தத் தாளில் 100 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை இருக்கிறது. அதோடு சுருக்கி எழுதுதல், மொழிபெயர்ப்பு, இலக்கணம் எல்லாம் வரும். கட்டுரைக்கு 600 சொற்கள் வேண்டும் என்று சொல்லி, 'நீர் மேலாண்மை' என்று தலைப்பு கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தேன். நாற்பது நிமிடத்தில் பதினோரு வரிகள் எழுதியிருந்தாள். 'பராமரிப்பு' என்ற சொல்லை இரண்டு முறை அடித்து எழுதிவிட்டு, "பெரிய ர-வா, சின்ன ர-வாங்கண்ணா?" என்று நிமிர்ந்து கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

பத்தொன்பது புத்தகங்களில் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு மாலைப் பேருந்துக்குக் கிளம்பினாள். நாட்காட்டித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதி, இரவு ஒன்பது மணிக்குள் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு நாள்தான் தவறியிருக்கிறது. நேற்று வந்தது காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றியது. ஒரு பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்தில் ஏழு வரிகள் போயிருக்கின்றன. இரண்டு இடத்தில் மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன்.