மாலை கழற்றும் நாள்

சபரிமலை யாத்திரையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கார்த்திகை முதல் நாள் மாலை அணிவதையும், இருமுடி கட்டுவதையும், பதினெட்டாம் படியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, திரும்பி வருவதை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மலையேறுவதற்கு எத்தனை நியமங்கள் உண்டோ, விரதத்தை நிறைவு செய்வதற்கும் அத்தனை நியமங்கள் உண்டு.

எங்கள் குருசாமிக்கு இது 18-ஆவது மலை. அந்த ஆண்டில் தென்னங்கன்று கொண்டுபோய்ச் சந்நிதானத்தில் சேர்ப்பது வழக்கம் என்பதால், தலையில் இருமுடியும் கையணைப்பில் கன்றுமாக அவர் நீலிமலை ஏறினார். அப்பாச்சிமேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியபோது, "கொஞ்ச தூரம் நான் வாங்கிக்கொள்ளட்டுமா சாமி?" என்று ஒரு கன்னிசாமி கேட்டதற்கு, "வேண்டாம் சாமி, உங்களுக்குச் சரங்குத்தியில் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். முதன்முறை வருபவர் சரக்கோல் என்னும் மர அம்பைக் குத்துவதும், பதினெட்டு ஆண்டுகள் வந்தவர் கன்றைச் சேர்ப்பதும் அந்த ஒரே பாதையில்தான்.

நெய்த்தேங்காய் உடைத்தபோது குளிரில் நெய் உறைந்திருந்தது. குருசாமி விரலால் வழித்து வழித்துப் பாத்திரத்தில் சேர்த்தார். நெய் அபிஷேகத்துக்குப் போக, ஒரு மூடி ஆழி என்னும் நெருப்புக் குண்டத்தில் விழுந்தது. நெய்யை ஆன்மாவாகவும் தேங்காயை உடலாகவும் பெரியவர்கள் சொல்வதை ஆழியின் வெக்கையில் நின்று கேட்கும்போது வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மகரவிளக்குக் காலத்தின் கடைசி நாள் காலையில் பந்தளம் அரச குடும்பத்தின் பிரதிநிதி மட்டுமே தரிசனம் செய்வார். அதன்பின் தலைமைப் பூசாரியான மேல்சாந்தி ஐயப்பனுக்குத் திருநீறு சாத்தி, உருத்திராட்ச மாலையும் யோகதண்டும் அணிவித்து, விளக்கை அணைத்து, நடையை அடைத்துச் சாவியை அவரிடம் ஒப்படைப்பார். அவரோ படியிறங்கி வந்து, அடுத்த ஆண்டுச் செலவுக்கான பணக்கிழியோடு அதே சாவியைக் கோயில் பொறுப்பாளரிடம் திருப்பித் தந்துவிடுகிறார். மாசி மாதப் பூஜைக்கு நடை திறக்கும்போது, அன்று சாத்திய திருநீறே பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது.

சிலர் பம்பையிலேயே மாலையைக் கழற்றிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. புறப்படும்போது "போய் வருகிறேன்" என்றுகூடச் சொல்லாமல் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பியவர்கள், அதே வாசலுக்குத் திரும்பி வந்த பிறகல்லவா விரதத்தை முடிக்க வேண்டும்? வீட்டில் "வாங்க சாமி" என்று வரவேற்ற அம்மாதான் மந்திரம் சொல்லி என் மாலையைக் கழற்றினார்கள். ஐயப்பன் படத்தின் முன் அதை வைத்துவிட்டுத் திரும்பியவர்கள், "சாப்பிட வாடா, எப்படி இளைத்துப் போயிருக்கிறாய்" என்றார்கள். ஒரு மண்டலத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்த 'டா' இனிப்பாகவும் இருந்தது, ஏதோ ஒரு பதவியை இழந்தது போலவும் இருந்தது. இருமுடியில் மிஞ்சிய அரிசியைச் சர்க்கரைப் பொங்கலாக்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம்.

மறுநாள் குழுவின் கணக்கைப் பார்க்கக் கூடியபோது, அடுத்த கார்த்திகையில் யார் இருமுடிக் கட்டு நிறைப்பது என்ற பேச்சு வந்தது. தாம் வருவதாகவும், ஆனால் கட்டை வேறொருவர் கட்டட்டும் என்றும் சொன்ன குருசாமி, எங்களில் மூத்தவரை அருகில் அழைத்து, நெய் நிறைத்த தேங்காயின் கண்ணைத் தக்கை வைத்து அடைக்கும் விதத்தை அப்போதே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.