பள்ளி லேப்டாப் யாரைப் பார்க்கிறது?

சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கவனத்துக்கு.

அங்கே 2015 சட்டப்படி, மாணவர்கள் தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதைத் தடுப்பது பள்ளியின் கடமை. ‘பிரிவென்ட்’ என்று பெயர். இங்கிலாந்து, வேல்ஸில் 2023-24இல், ‘இவர் அப்படிச் சாயலாம்’ என்ற கவலையில் இத்திட்டத்துக்கு வந்த பரிந்துரைகள் 6,922. சுமார் 40% பேர் 11–15 வயதுப் பிள்ளைகள்! அடுத்த கட்டமான ‘சேனல்’ என்ற ஆலோசனை, உதவித் திட்டத்துக்கு எடுக்கப்பட்டவை 512தான்.

இதற்காகவும் பள்ளி லேப்டாப்பில் ஓடும் கண்காணிப்பு மென்பொருள் சொல்லைப் பிடிக்கும், சூழலைப் பல நேரம் பிடிக்காது. ஈழப்போர் பற்றிக் கட்டுரை எழுத ‘புலிகள்’, ‘குண்டு’ என்று ஆங்கிலத்தில் தேடினாலும் ஸ்கிரீன்ஷாட் ஆசிரியருக்குப் போகலாம். (புலிகள் அமைப்புக்கு அங்கே 2001 முதல் தடை.) பாடத்துக்கான தேடல் என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சேனலில் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும், மறுக்கலாம். பள்ளி வைத்திருக்கும் பதிவின் நகலை எழுதிக் கேளுங்கள், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும்.