மழையில காணாம போன பெட்ரோல்

கலிஃபோர்னியா சென்ட்ரல் வேலி பக்கம் ஒரு பழைய கேஸ் ஸ்டேஷன், அதாங்க நம்ம ஊர் பெட்ரோல் பங்க், நிலத்தடி தண்ணில பெட்ரோல் கலந்திருக்கான்னு பாக்கற வேலைக்கு சேந்த புதுசுல என்னை அங்கதான் அனுப்பினாங்க. 1998 டிசம்பர் 22க்குள்ள பழைய இரும்பு டேங்க்கை எல்லாம் மேம்படுத்து, மாத்து, இல்ல மூடுன்னு அமெரிக்க அரசு கெடு வச்சிருந்துச்சு, அப்ப தோண்டி எடுத்த டேங்க்ல அடியில ஓட்டை. ரொம்ப லேட்டாத்தான் சுத்தி ஆறு மானிட்டரிங் வெல், அதாவது நிலத்தடி தண்ணிய சோதிக்கற குழாய்க் கிணறு, போட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ போய் அளக்கணும்.

கிணத்துக்குள்ள விடற அளவு டேப் நுனியில ஒரு சென்சார் இருக்கும், எண்ணெய், அதாவது பெட்ரோல், பட்டா விடாம கத்தும், தண்ணி பட்டா விட்டு விட்டு கத்தும், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ டேப் இறங்குச்சோ அதான் மிதக்கற பெட்ரோலோட கனம். அப்புறம் 40 மில்லி குப்பியில தண்ணி சாம்பிள், கவுத்து தட்டிப் பாக்கணும், ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது, இருந்தா பென்சீன், பெட்ரோல்ல இருக்கற நச்சு, ஆவியாகி அதுக்குள்ள போயிரும். அன்னைக்கு காலைல சொந்த கார்க்கு பெட்ரோல் போடக் கூடாது, கையில ஒட்டினது சாம்பிள்ல கலந்துரும்னு வேற ரூல், நான் சிரிச்சேன். குடிதண்ணில பென்சீன் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் அந்த மாநிலத்துல லிமிட்னு தெரிஞ்சப்புறம் சிரிப்பு வரல.

முதல் செப்டம்பர்ல மூணாம் நம்பர் வெல்ல 18 செ.மீ. எண்ணெய். பிப்ரவரில போனா விட்டு விட்டு கத்துற சத்தம் மட்டும்தான், எண்ணெயே இல்ல! ஓனருக்கு ஒரே சந்தோஷம், நானும் ரிப்போர்ட்ல "மிதக்கும் பெட்ரோல் இல்லை, நிலைமை தேறுகிறது"ன்னு எழுதிட்டேன். தேறுகிறதுங்கற வார்த்தை யாரும் கேக்காம நானா சேத்தது.

அடுத்த செப்டம்பர், சென்சார் கத்த ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல. 22 செ.மீ. பெய்லர்ல, அதாவது கிணத்துல மொள்ளற நீளக் குழாய்ல, மொண்டு பாத்தா மேல டிகாக்‌ஷன் கலர்ல நிக்குது. புதுசா லீக்கோன்னு பயந்து, மாத்தி வச்ச புது டேங்க்குக்கு டெஸ்ட் எல்லாம் பண்ணோம், டேங்க் நல்லாத்தான் இருந்துச்சு.

சீனியர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், பிப்ரவரில நீர்மட்டம் எவ்ளோ? அங்க மழை குளிர்காலத்துலதான், தண்ணி கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் ஏறியிருந்துச்சு. ஏறுற தண்ணி பெட்ரோலை மண் துளைக்குள்ள அமுக்கி சிறை வச்சிருது, வெல்லுக்குள்ள வராது, வெயில்ல தண்ணி இறங்கினா மெல்ல வடிஞ்சு வெல்லுக்கு வந்துரும். அந்த 22 செ.மீ. கூட வெல்லுக்குள்ள தெரியற கனம்தான், வெளிய மண்ணுல அவ்ளோ இருக்காது. செப்டம்பரை செப்டம்பரோட ஒப்பிடுய்யான்னார்.

பிப்ரவரி ரிப்போர்ட்டுக்கு திருத்தம் எழுதி அனுப்பினேன், ஓனர் கொஞ்ச நாள் என் போனையே எடுக்கல. அதுக்கடுத்த பிப்ரவரியும் எண்ணெய் சத்தம் வரல, இந்த தடவ முதல் வரிலயே நீர்மட்டத்தை எழுதினேன்.