பெயர் பிள்ளைகளுடையது, கையெழுத்து அவருடையது

வங்கி மேசைக்கு எதிரே என் மகன் கால்களை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான். 2023 ஜூன் மாதம். அவனுக்குப் பதினொரு வயது. உதவித்தொகைக்காக அவன் பெயரில் கணக்கு வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். அலுவலர் ஆதார் எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடியும் தட்டினார்.

"தம்பிக்கு எங்கள் வங்கியில் ஏற்கெனவே வாடிக்கையாளர் எண் இருக்கிறதே, அம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

எந்தக் கிளை, யார் திறந்தது என்று கேட்டேன். அவர் திரையைத் தன் பக்கம் சற்றுத் திருப்பிக்கொண்டார். பாதுகாவலராகப் பதிவாகியிருப்பவருக்குத்தான் விவரம் தர முடியும் என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. விதியைத்தான் சொன்னார். ஆனால் பெற்று வளர்க்கிறவளுக்குப் பிள்ளையின் கணக்கைப் பார்க்க உரிமையில்லை என்பது அன்று நெஞ்சில் தைத்தது.

விவாகரத்து 2019இல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் முடிந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் என்னிடம். மாதம் 18,000 ரூபாய் என் முன்னாள் கணவர் ஜீவனாம்சமாகத் தர வேண்டும். 2023 மார்ச்சில் அதை 8,000 ஆகக் குறைக்கச் சொல்லி மனு போட்டார். கொரோனாவுக்குப் பிறகு தொழில் எழவே இல்லை, கையில் ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். நான் அதை முக்கால்வாசி நம்பியிருந்தேன் என்பதுதான் உண்மை. வங்கியிலிருந்து திரும்பும் வழியில் பையன், "என் பெயரில் பணம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டான். "தெரியவில்லை கண்ணா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவனிடம் பேசவில்லை. அப்பாவிடம் கேட்டுப் பார் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அந்தப் பணம் மறுநாளே இடம் மாறியிருக்கும். அதைவிட, பையன் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒற்றனாகியிருப்பான்.

வக்கீல் அம்மாவிடம் முதலில் சொன்னது, "அவருடைய பழைய கடவுச்சொல் எனக்கு நினைவிருக்கிறது" என்பதுதான். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அனுமதியில்லாமல் ஒருவர் கணக்குக்குள் நுழைவது குற்றம். வழக்கில் நம் பக்கம் இருக்கிற நியாயத்தையும் அது கெடுத்துவிடும் என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவருடைய வருமான வரிக் கணக்கைக் கேட்கலாமா என்றேன். வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது என்றார். "எல்லாவற்றையும் நீதிமன்றம் வழியாகவே வரவழைப்போம். மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்தால் நிற்கும்."

வழி திறந்தது ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பால். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்தது. ஜீவனாம்ச வழக்கு எதுவானாலும் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. அந்தப் படிவத்தில் எதிர்த்தரப்பின் சொத்து பற்றி நமக்குத் தெரிந்ததை எழுதவும் ஒரு பகுதி இருக்கிறது. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நான் அங்கேதான், "மகன் பெயரில் நான் திறக்காத வாடிக்கையாளர் எண் ஒன்று இருப்பதாக இன்ன தேதியில் வங்கியில் தெரிவித்தார்கள்" என்று எழுதினேன். தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

அவர் தாக்கல் செய்த பத்திரத்தில் ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு. சராசரியாக முப்பதாயிரம் இருப்பு. டெபாசிட் என்ற இடத்தில் 'இல்லை'. கூடவே வருமான வரிக் கணக்கின் நகலையும் இணைத்திருந்தார். அதை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு வரிவரியாகப் படித்தேன். வியாபார வருமானம் சொற்பம்தான். இதர வருமானம் என்ற தலைப்பில் வட்டி என்று 1,02,000 ரூபாய் இருந்தது.

முப்பதாயிரம் இருப்புக்கு ஆண்டு வட்டி ஆயிரம் ரூபாயைக்கூடத் தொடாது. ஒரு லட்சத்து இரண்டாயிரம் எங்கிருந்து வரும்? ஆறு சதவீதம் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டேன். பதினேழு லட்சம். காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் பதினேழு லட்சம்தான்.

மறுநாள் ஒரு ஆடிட்டரிடம் காட்டினேன். பிள்ளைகளின் கணக்கில் பாதுகாவலருடைய பான் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த வட்டி முழுவதும், வரித்துறை அவருக்கென்று தொகுத்து வைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கும், கணக்கு எழுதியவர் அதைப் பார்த்து அப்படியே சேர்த்திருப்பார் என்றார். இன்னொன்றும் சொன்னார். அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவின்படி மைனர் பிள்ளையின் வட்டி வருமானம், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவருடைய வரிக் கணக்கில் சேரும். ஆனால் திருமண பந்தம் முறிந்திருந்தால், அந்த ஆண்டில் பிள்ளையைப் பராமரிக்கிறவர் கணக்கில் சேரும். அதாவது என் கணக்கில்! பிள்ளைகளுக்கே தனியாகப் பான் எடுத்துக் கொடுத்திருந்தால், நான் கண்ணால்கூடப் பார்க்காத பணத்தின் வட்டிக்கு வரித்துறை என்னைக் கேள்வி கேட்டிருக்கக்கூடும். பிரிந்து வாழும் தாய்மார்கள், தந்தையரும்தான், பிள்ளைகளின் பெயரில் பான் அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் இரண்டு பிடிமானங்கள் கிடைத்தன: வங்கியில் சொன்ன வாடிக்கையாளர் எண், பொருந்தாத வட்டி. இவை இருந்ததால்தான் வங்கி ஆவணங்களை வரவழைக்கக் கோரும் எங்கள் மனு நின்றது. "எங்கேயோ பணம் வைத்திருக்கிறார், தேடித் தாருங்கள்" என்று கேட்டால் நீதிமன்றம் தள்ளிவிடும். எந்த வங்கி, யார் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். நாங்கள் இரு பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்து, 2019 ஜனவரி முதலான கணக்கு விவரங்களையும், கணக்குத் திறந்த படிவங்களையும், டெபாசிட்டை முறித்திருந்தால் அதற்கான விண்ணப்பங்களையும் கேட்டோம். கடைசியாகச் சொன்னது வக்கீல் அம்மாவின் யோசனை. அதன் அருமை எனக்கு அப்போது புரியவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்துக்குக் கூர்மை இருந்தது. "படிவம் கேட்பது என் கட்சிக்காரரின் சொத்தை. இது பிள்ளைகளின் சொத்து. ஒரு தகப்பன் பிள்ளைகளுக்குச் சேமிப்பது குற்றமா?" கேட்கும்போது எனக்கே தயக்கம் வந்தது. பிள்ளைகளுக்கென்று உண்மையிலேயே எடுத்துவைத்திருந்தால் நான் ஏன் அதில் கைவைக்க வேண்டும்?

நான்கு வாய்தாக்கள் போயின. வங்கிப் பதிவேடுகள் சாட்சியச் சட்டம் என்று 1891இலேயே வந்த ஒன்று இருக்கிறது. அதன்படி வங்கி சான்றளித்துத் தரும் நகலையே சாட்சியமாக ஏற்கலாம், பொதுவாக அலுவலர் வந்து கூண்டில் நிற்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் அந்த நகல்கள் வந்தன. ஏறத்தாழ அறுபது பக்கம்.

நான் பென்சிலோடு உட்கார்ந்தேன். தொகைகளைக் கூட்டுவதற்கு முன்னால் தேதிகளை ஒரு தாளில் எழுதினேன். அதன் பக்கத்தில் எங்கள் வாழ்க்கையின் தேதிகளை எழுதினேன். பரஸ்பர விவாகரத்து மனு போடுவதற்கு முந்தைய நான்கு மாதங்களில், அவருடைய தொழில் கணக்கிலிருந்து மகன் பெயருக்கு ஒன்பது லட்சம் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான், "சேமிப்பு என்று எதுவும் மிச்சமில்லை" என்று சொல்லி மாதத் தொகையைப் பேசி முடித்தார். அடுத்தது 2021, 2022. தொழில் எழவே இல்லை என்று மனுவில் சொன்ன அதே மாதங்களில் இரண்டு பிள்ளைகளின் பெயரிலுமாக மேலும் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.

கடைசியில் அந்த ஒற்றைத் தாள். மகள் பெயரில் இருந்த 3,40,000 ரூபாய் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் முறிக்கக் கோரும் விண்ணப்பம். மைனரின் டெபாசிட்டை முறிக்கும்போது, பணம் அந்தப் பிள்ளையின் நலனுக்கே செலவாகும் என்று பாதுகாவலரிடம் வங்கிகள் உறுதிமொழி வாங்கிக்கொள்கின்றன. கோடிட்ட இடத்தில் அவர் கையெழுத்தில், "மகளின் கல்விச் செலவுக்காக" என்று எழுதியிருந்தது. அந்தச் சாய்ந்த எழுத்தை நான் எங்கும் அடையாளம் காண்பேன். தேதி 2022 ஜூன் 14. கைப்பேசியில் பழைய செய்திகளைத் தேடினேன். ஜூன் 11 அன்று எனக்கு அனுப்பியிருந்தார்: "இந்த முறை பள்ளிக் கட்டணத்துக்கு என்னால் முடியாது. நீயே பார்த்துக்கொள்." அந்த மாதம் நான் வளையலை அடகு வைத்தேன். கணக்கு விவரத்தில் அடுத்த வரி, பணம் ஒரு கார் விற்பனை நிறுவனத்துக்குப் போனதைக் காட்டியது.

அன்றிரவு அழுதேன். மகளின் பெயரை அந்தப் படிவத்தில் பார்த்ததுதான் தாங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை.

குறுக்கு விசாரணையில் வக்கீல் அம்மா அதிகம் கேட்கவில்லை. உறுதிமொழித் தாளைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றார். "எந்தப் பள்ளிக்குக் கட்டினீர்கள்?" அதற்கு நெடுநேரம் பதில் வரவில்லை. பிள்ளைகளின் பணம் என்ற வாதம் அதோடு எழும்பவில்லை.

அந்தப் பணத்தை எனக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டது இரண்டு: அவருடைய சம்பாதிக்கும் திறனைக் கணிக்கும்போது இந்த வரவுகளையும் எண்ண வேண்டும், மீதியிருக்கும் பதினேழு லட்சத்தை நீதிமன்ற அனுமதியின்றி யாரும், நான் உள்பட, தொடக்கூடாது. 2024 அக்டோபரில் உத்தரவு வந்தது. அவருடைய மனு தள்ளுபடி. மாதத் தொகை 26,000 ஆக உயர்ந்தது, தொகையை உயர்த்தக் கோரி நான் எதிர்மனு போட்ட நாளிலிருந்தே. டெபாசிட்டுகள் அப்படியே இருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

பொய்ப் பிரமாணத்துக்காகத் தனியாக நடவடிக்கை கோரலாம் என்றார் வக்கீல் அம்மா. உறவினர்களும் சும்மா விடாதே என்றார்கள். ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்றேன். அவர் பிள்ளைகளுக்கு அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அவரிடம்தான் போகிறார்கள். இதே நிலையில் வேறொருத்தி வேறு முடிவெடுத்தால் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

உத்தரவின் சான்றிட்ட நகலை வங்கிக்கு நானே கொண்டுபோனேன். நீதிமன்றத்திலிருந்து தகவல் போகும்தான். ஆனாலும் கையில் கொடுத்து, மறுநகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதே அலுவலர்தான் இருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கணக்குகளிலும் தடைக்குறிப்பு போட்டார். தம்பிக்குப் பதினெட்டு முடிந்ததும் பாதுகாவலரின் கையெழுத்து செல்லாது, தம்பியே வந்து புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மகனை உட்காரவைத்தேன். "அன்றைக்குக் கேட்டாயே. இருக்கிறது. அப்பா போட்டது. 2030இல் நீ போய்க் கையெழுத்துப் போட வேண்டும்" என்றேன். அவன் ஒரு காகிதத்தை எடுத்துத் தன் பெயரைப் பல விதமாக எழுதிப் பார்த்தான்.