போர்ஹெஸை எந்த வரிசையில் படிப்பது?

அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸின் 'லேபிரிந்த்ஸ்', டொனால்டு யேட்ஸும் ஜேம்ஸ் இர்பியும் 1962இல் கொண்டுவந்த ஆங்கிலத் தொகுப்பு. 23 கதைகள், 10 கட்டுரைகள், பக்கம் இரண்டு பக்கத்தில் முடியும் 8 குறும்படைப்புகள். அச்சிட்ட வரிசைப்படி போனால் முதல் கதையே கற்பனை உலகம் ஒன்றைப் பற்றிய 'ட்லோன்'. பாதிப் பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். கதைமேல் குற்றமில்லை. அதற்கு அடியில் ஓடும், மனதுக்கு வெளியே உலகம் உண்டா என்று கேட்ட தத்துவவாதிகள் பெர்க்லி, ஹ்யூம் பற்றிய விவாதம் புத்தகத்தின் பின்பகுதியில், கட்டுரைகளுக்குள் கிடக்கிறது. அதனால் ஒரு கதை, அதற்குரிய கட்டுரை என்று ஜோடி சேர்த்துப் படிப்பதுதான் சரி.

முதல் ஜோடிக்கு 'மரணமும் திசைகாட்டியும்'. துப்பறியும் கதை என்பதால் எளிதில் உள்ளே போய்விடலாம். கடைசியில் துப்பறிவாளன் லோன்ரோட், தன்னைக் கொல்லப்போகிறவனிடம், ஒரே நேர்கோட்டில் அமைந்த புதிர்ப்பாதை ஒன்றைச் சொல்கிறான்: முதல் குற்றம் ஓரிடத்தில், இரண்டாவது அங்கிருந்து 8 கி.மீ. தள்ளி, மூன்றாவது இரண்டுக்கும் நடுவே 4 கி.மீ.யில், நான்காவதற்கு முதல் இடத்திலிருந்து 2 கி.மீ.யில் காத்திரு என்கிறான். தாளில் கோடு போட்டுப் பாருங்கள், பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் தூரம் முடியவே முடியாது என்ற கிரேக்கத் தத்துவவாதி ஸீனோவின் முரண்தான் அது. சூட்டோடு சூடாக, அதே முரணைப் பேசும் 'ஆமையின் அவதாரங்கள்' கட்டுரைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து 'ட்லோன்', கூடவே 'காலத்துக்கு ஒரு புதிய மறுப்பு'. இந்தக் கட்டுரையில் ஒரே வாதம் இரண்டு முறை வரும்: 1944இல் எழுதிய 'ஏ', 1946இல் எழுதிய 'பி'. வேண்டுமென்றே இரண்டையும் தனித்தனியாக விட்டிருப்பதாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். திரும்பச் சொல்கிறாரே என்று 'பி'யைத் தாண்டிப் போகிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள். காலத்தை இவ்வளவு தூரம் மறுத்தவர், உலகம் துரதிர்ஷ்டவசமாக நிஜம்தான் என்று இறங்கிவருவது 'பி'யின் கடைசிப் பத்தியில்தான்.

அடிக்குறிப்புகளில் கவனம் தேவை. எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கக்கூடிய எல்லா நூல்களும் இருக்கும் ஒரு நூலகத்தின் கதையான 'பாபேல் நூலக'த்தில் 'பதிப்பாசிரியர் குறிப்பு' என்று ஒன்று வரும்: 22 எழுத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி, ஆக 25 குறிகள். அதை எழுதியவரும் போர்ஹெஸ்தான், அதுவும் கதைக்குள் சேர்ந்தது. அதைத் தாண்டிப் போனால் கணக்கு உதைக்கும். ஒரு நூலுக்கு 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து, பெருக்கினால் 13,12,000. நூலகத்தின் மொத்த நூல்கள் 25இன் 13,12,000ஆம் அடுக்கு. பெரிய எண்தான், ஆனால் முடிவுள்ள எண். கதைசொல்லியின் சிக்கலே அதில்தான் இருக்கிறது.

'ட்லோன்' பின்குறிப்பின் தேதியும் அப்படித்தான். 1947 என்று இருக்கும். கதை முதலில் அச்சானதோ 1940இல். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். போர்ஹெஸின் நண்பரான எழுத்தாளர் பியோய் காஸாரெஸ் போல நிஜ மனிதர்களும் இல்லாத கலைக்களஞ்சியமும் ஒரே பக்கத்தில் உலவும் கதை அது. ஒவ்வொரு பெயரையும் தேடிச் சரிபார்ப்பதை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.