கோத்தகிரிச் சோலையில் கூடு பார்த்த கதை

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் பாக்குத் தோப்பெல்லாம் கீழே போய்விடும், அரவேணு வருவதற்குள் பஸ் ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பின் சீட்டில் சத்தம் ஆரம்பித்துவிடும். ஏப்ரலில்கூட இங்கே காலை நேரத்தில் ஸ்வெட்டர் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீயும் வர்க்கியும் முடித்துவிட்டு லாங்வுட் சோலைக்கு ஆட்டோ பிடித்தேன்.

பூ பார்க்கவோ வியூபாயிண்ட் பார்க்கவோ வரவில்லை. ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவைகள் கூடு கட்டும் பருவம் இது. ஒரே குடும்பம், ஒரே மலை, ஒரே குளிர். கூடும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை என்று படித்திருந்தேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

லாங்வுட் சோலை மொத்தமே சுமார் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை, நடுவில் இந்த ஒரு துண்டுக் காடு. கீழே உள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் இதிலிருந்துதான் போகிறது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போகவேண்டும், கூட ஒரு வாட்ச்சர் வருவார். எனக்கு வந்தவர் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), படுகர். செருப்போடுதான் நடந்தார். நான் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சாக்ஸ் மாட்டியிருந்தேன். என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. மரமெல்லாம் பாசி, தரையெல்லாம் குறிஞ்சிப் புதரும் பெரணியும். கொஞ்ச தூரத்தில் வாட்ச்சர் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பளவுக்கும் கீழே ஒரு புதரில் காய்ந்த சருகுக் குப்பை சிக்கிக் கிடந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு பெண் பறவை வாயில் நீளமான காய்ந்த இலைக் கீற்றோடு நுழைந்தது. அப்போதுதான் அது கூடு என்று தெரிந்தது.

கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கறுப்பு வரவேண்டிய இடத்தில் மங்கல் பழுப்பு. பைனாகுலரில் நன்றாகப் பார்த்தேன். காய்ந்த பெரணி, கோரை மாதிரியான பட்டை இலைகள், இவற்றை வளைத்து வளைத்துச் சுற்றி ஒரு உருண்டை. ஒரு தேங்காய் அளவு இருக்கும். பக்கவாட்டில், கொஞ்சம் மேல்தள்ளி, வாசல். முடிச்சு, பின்னல் என்று வேலைப்பாடு எதுவும் கண்ணில் படவில்லை. கீற்றைக் கொண்டுவந்து உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்து நெஞ்சால் அழுத்துகிறது, கீற்றின் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த கீற்றுக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தத் துருத்தல்தான் காப்பு என்று நினைக்கிறேன். ஒழுங்காகக் கட்டியிருந்தால் தூரத்திலேயே தெரிந்திருக்கும். முட்டை வழக்கமாக இரண்டுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதன் நெருங்கிய சொந்தங்கள் இப்படிக் கட்டுவதில்லை. ஐரோப்பாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த கறுப்பு-வெள்ளை ஈப்பிடிப்பான் மரப்பொந்தில் குடியிருக்கிறது, பெட்டி செய்து மாட்டினால் அதிலும் வந்துவிடும். இது மட்டும் பொந்தை விட்டுவிட்டுப் புதருக்கு வந்து, கூரையையும் தானே போட்டுக்கொள்கிறது. 

இன்னும் ரெண்டடி வைக்கலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. ஆள் நடந்த தடம் பாத்தே காக்கா வரும். போன வருசம் போட்டோ எடுக்கறேன்னு ஒருத்தர் கிளைய ஒதுக்கிவிட்டார். அடுத்த நாள் கூடு காலி.”

கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். சட்டம் இருக்கட்டும், அவர் சொன்ன காக்கைக் கணக்கே போதும். பின்வாங்கினோம்.

ஓடை இறங்கும் சரிவில் சோலைக்கிளியின் விசில் கேட்டது. பெயரில்தான் கிளி. மங்கல் நீல உடம்பு, செம்பழுப்பு வயிறு, தரையோடு தரையாக இருட்டிலேயே திரியும் சின்னப் பறவை. இதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் இழுபறி. 2017ல் ஆய்வாளர் வி.வி. ராபினும் கூட்டாளிகளும் மரபணுவை வைத்துப் பார்த்து ‘ஷோலிகோலா’ என்று புதுப் பேரினமே கொடுத்தார்கள். அந்த ஆய்வுப்படி இது நீலகிரி ஈப்பிடிப்பான் இருக்கும் வம்சக் கிளைக்குத்தான் நெருக்கம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், தெற்கே வேறு. கூடு கட்டுவது மரப்பொந்திலோ மண்கரையின் குழியிலோ. பாசியும் நார்வேரும் போட்டு ஒரு கிண்ணம். கூரை தேவையில்லை, பொந்தே கூரை. பழைய மரம் ஒன்றின் அடியில் இருந்த ஓட்டையைக் காட்டி, இங்கேதான் முன்பு வைத்திருந்தது என்றார் அண்ணன். இந்த வருடம் அது காலியாக இருந்தது.

நீலகிரி ஈப்பிடிப்பானைப் பார்க்கக் காட்டுக்குள்ளேயே போகவேண்டியதில்லை. திரும்பி வரும் வழியில், ரோட்டோர மண்வெட்டில், வேர் தொங்கும் ஒரு குழிக்குள் பாசிக்கொத்தோடு நுழைந்தது. முழு நீலம், கொஞ்சம் கறுப்பு கலந்த நீலம். சின்னப் பாலங்களின் அடியிலும் வீட்டு இறவாணத்திலும்கூட வைக்கும். சோலைக்கிளிக்கும் இதற்கும் கட்டுமானச் சாமான் ஒன்றுதான், பாசி. ஆனால் அது இருட்டை விட்டு வராது, இதற்கு ஜீப் ஹாரன் ஒரு பொருட்டில்லை.

மதியம் கேத்தரின் அருவி. கோத்தகிரியில் காபித் தோட்டம் போட்டவர் என்று சொல்லப்படும் காக்பர்ன் துரையின் மனைவி பெயர் அது. அவர் மகள் மார்கரெட் காக்பர்ன் கோத்தகிரியிலேயே வாழ்ந்தவர், 1829ல் பிறந்து 1928 வரை இருந்தார். இந்த மலைப் பறவைகளை வரைந்து, அவற்றின் கூடுகளைப் பற்றி ஹியூமுக்கு எழுதி அனுப்பியவர். ஆமாம், காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான். பறவை முட்டையிலும் அவருக்குப் பெரிய பித்து. என்னைக் கேட்டால் அருவிக்கு மகள் பெயரை வைத்திருக்கலாம்.

அருவிச் சத்தத்தையும் மீறிச் சீகாரப் பூங்குருவி பாடியது. ஸ்கூல் பையன் சும்மா விசிலடித்துக்கொண்டு போவது போல என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது இதைத்தான். பெயரில் பூங்குருவி, இங்கிலீஷில் திரஷ். ஆனால் இதையும் இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். உடம்பில் மைனாவைவிடப் பெரியது, கூடும் அதற்கேற்ற மாதிரி வேர், பாசி, மண் எல்லாம் சேர்ந்த கனமான கிண்ணம். தண்ணீரை ஒட்டிய பாறை விளிம்பில் வைக்கும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் இடத்தில்கூட அடைகாக்கும், 16, 17 நாளில் குஞ்சு வந்துவிடும். பாம்பும் குரங்கும் அந்தப் பாறையில் ஏறுவது சுலபமில்லை.

இதற்கு நேர்மாறாக, சாம்பல்தலை ஈப்பிடிப்பான் என்று ஒன்று காலையிலிருந்தே தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. பெயர்தான் ஈப்பிடிப்பான், இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாசி படிந்த மரத்தண்டில் பாசியையே வைத்துச் சிலந்தி நூலால் ஒட்டிய சின்னக் கிண்ணம் அதன் கூடு. பாசி என்று பார்த்தால் அந்நியனும் சொந்தமும் ஒன்றாகிவிடுகிறார்கள்; சொந்தத்துக்குள் பார்த்தால் ஒருத்தர் புதரில் உருண்டை, ஒருத்தர் பொந்து, ஒருத்தர் பாறை. கூட்டின் வடிவம் ரத்தத்தில் வருவதைவிட, அந்தப் பறவை எங்கே இரை தேடுகிறது, பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாளெல்லாம் புதருக்கடியில் திரிகிற பறவை அங்கேயே வீடு கட்டுகிறது.

அதனால்தான் “காட்டைச் சுத்தம் செய்கிறோம்” என்று எஸ்டேட் ஓரங்களில் புதர் வெட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. மரம் அப்படியே நிற்கும், பார்ப்பவர்களுக்குக் காடு பத்திரம் என்று தோன்றும், கறுப்பு-ஆரஞ்சுக்கு மட்டும் இடம் போய்விடும். ரோட்டை அகலப்படுத்தி மண்வெட்டுக்கு முழுக்கக் கான்கிரீட் பூசினால் அடுத்தது நீலகிரி ஈப்பிடிப்பான். கல் அடுக்கிய பழைய தடுப்புச் சுவராவது பரவாயில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்படி ஒரு சுவரின் சந்துக்குள் பெண் புதர்ச்சிட்டு புல்லோடு போய்க்கொண்டிருந்தது. அதுவும் இதே குடும்பம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை நல்ல காலம். அனுமதியை முன்கூட்டியே பேசி வையுங்கள், சனி ஞாயிறு வேண்டாம். பறவைக் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடாதீர்கள், அடைகாக்கிற பறவை எழுந்து வந்துவிடும். அட்டைக்கு உப்பைவிட மூக்குப்பொடி நன்றாகக் கேட்கிறது, பஸ் ஸ்டாண்ட் கடையிலேயே கிடைக்கும்.