யூசபிலிட்டி டெஸ்ட் நடத்தினேன்: நான் பேசாமல் இருந்தபோது தெரிந்தவை

மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. வெளியிடும் முன், அதை எளிதாகப் பயன்படுத்த முடிகிறதா என்று பயனர்களை வைத்துச் சோதிக்கும் பொறுப்பு (இதைத்தான் யூசபிலிட்டி டெஸ்ட் என்கிறார்கள்) என்னிடம் வந்தது. முதல்முறை நடத்தப்போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார், 5 பேர் வந்தால் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். இது சராசரிதான், எல்லாச் செயலிக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் 15 பேரை ஒரே தடவை உட்கார வைப்பதைவிட, 5 பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி வேறு 5 பேரிடம் போவது நல்லது என்ற நீல்சனின் யோசனையை நான் முழுசாக நம்புகிறேன். ஆட்கள் மட்டும் உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களாக இருக்கக் கூடாது.

அதிக நேரம் எடுத்தது, வருபவர்கள் செயலியில் செய்து பார்க்க வேண்டிய பணிகளை எழுதுவதுதான். "பதிவு செய் பொத்தானை அழுத்தி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதினால் விடையையே கையில் கொடுத்த மாதிரி. அதனால் "உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று ஒரு சூழ்நிலையாகக் கொடுத்தோம். திரையில் இருக்கும் சொல் எதுவும் அதில் வராமல் பார்த்துக்கொண்டோம்.

ஆரம்பிக்கும் முன் "நாங்கள் சோதிப்பது செயலியை, உங்களை இல்லை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அப்படிச் சொல்லியும், தடுமாறும்போது "எனக்குத்தான் போன் சரியா தெரியாது" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். கேட்க வருத்தமாக இருக்கும், உடனே உதவக் கை நீளும். உதவாதீர்கள். "இதை அழுத்தலாமா?" என்று கேட்டால் "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள், அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தானே அவர்களை அழைத்திருக்கிறோம்.

அம்மாவுக்காகப் பதிவு செய்யச் சொன்னதும் பலரும் முதல் திரையிலேயே அம்மாவின் பெயரைப் போட இடம் தேடினார்கள். எங்கள் செயலியில் "யாருக்காக?" என்ற கேள்வி கடைசித் திரையில் இருந்தது. ஒருவர் போவதும் திரும்புவதுமாக வெகுநேரம் அலைந்துவிட்டு, முடிந்ததும் "நல்லா ஈஸியா இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை, மரியாதைக்குச் சொன்னார். வாய் சொல்வதைவிட விரல் போகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (System Usability Scale) என்ற, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரே மதிப்பிடும் 10 வாக்கிய மதிப்பீட்டையும் கடைசியில் நிரப்பச் சொன்னோம். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண் சதவீதம் அல்ல, 68-ஐச் சராசரியாக எடுத்துக்கொள்வது வழக்கம். இவ்வளவு குறைவான ஆட்களை வைத்து அந்த எண்ணைத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். எங்கே சிக்கல் என்பதையும் அது சொல்லாது.

நிரல் எழுதுகிறவர்களையும் ஆளுக்கொரு அமர்வாவது கூடவே உட்கார்ந்து பார்க்க வையுங்கள், அறிக்கையை வைத்துக்கொண்டு வாதாடும் வேலை மிச்சம். எங்கள் குழுவில் "யாருக்காக?" என்ற கேள்வி விவாதமே இல்லாமல் முதல் திரைக்கு வந்தது.

அடுத்த சுற்றில் வந்த புதியவர்கள் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப்போனார்கள். அப்புறம்தான் அதுவரை கண்ணில் படாத இன்னொன்று தெரிந்தது: பதிவு முடிந்ததா என்ற சந்தேகத்தில் சிலர் திரும்பப் போய் மறுபடியும் பதிவு செய்யப் பார்த்தார்கள். இப்போது மருத்துவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் பெரிதாகக் காட்டும்படி கடைசித் திரையை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அது தயாரானதும் அடுத்த சுற்று.